நாகப்பட்டினத்துக்குப் பிறகு ஒரு ராத்திரி

எங்கள் தெருவில் கப்பலேறிப் போய் வந்த பிள்ளைகள் நானும் என் தம்பியும் மட்டும்தான். விருதுநகர்க்காரர்கள் வியாபாரத்துக்குப் போகாத ஊர் குறைவு. மிளகாய் வற்றலும் மல்லியும் பருப்பும் நல்லெண்ணெயும் எங்கெங்கே போயினவோ அங்கெல்லாம் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் கல்லாவிலோ கணக்கிலோ இருப்பார். அப்பா பினாங்கில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். தீபாவளியை ஒட்டி ஊருக்கு வந்தால் பொங்கல் முடிந்ததும் கிளம்பிவிடுவார். அடுத்து எப்போது வருவார் என்பது முதலாளிக்குத்தான் தெரியும். அந்த முதலாளியே ஒரு வருஷம், "பிள்ளைகளுக்கும் ஊரைக் காட்டுங்க" என்று சொல்லி டிக்கெட்டுக்குப் பாதிப் பணம் கொடுத்தார். 1979 கோடை விடுமுறையில் அம்மாவும் நாங்களும் கப்பலேறியது அப்படித்தான். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

கப்பலின் பெயர் எம்.வி. சிதம்பரம். பிரான்சின் டன்கர்க் நகரத்தில் 1966-இல் கடலில் இறக்கப்பட்டது. முதலில் 'பாஸ்தர்' என்ற பெயரில் ஐரோப்பாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே ஓடியது. 1972-இல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கிப் பெயரை மாற்றி, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிள்ளான், சிங்கப்பூர் என்ற வழியில் விட்டது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு 'ரஜூலா'. 1926-இல் கட்டிய அந்தக் கிழட்டுக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை இதே கடலில் போய்வந்துகொண்டிருந்தது. மலேயாவுக்குப் போன தமிழர்களில் பலர் அதன் டெக்கில் பாய் விரித்துப் படுத்தவர்களாக இருப்பார்கள். எங்கள் அய்யா ரஜூலாவில் போனவர். "எங்க காலத்துல வானம்தான் கூரை. ஒங்களுக்குக் கட்டிலே போட்டிருக்கானாமே" என்று சொல்லித்தான் எங்களை வழியனுப்பினார்.

கட்டில் என்று அவர் சொன்னது பங்க். கப்பலின் அடித்தளங்களில் பெரிய கூடங்கள். இரும்புச் சட்டத்தில் மேலொன்று கீழொன்றாகப் படுக்கைகள். மேல் தளங்களில் கேபின் உண்டு, ஆனால் அது எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. பங்கில்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சனம் போகலாம்.

பினாங்கைப் பற்றிச் சொல்லப் போனால் அது வேறு கட்டுரை. குயின் தெரு மாரியம்மன் கோயில், தண்ணீர்மலை முருகன், பட்டர்வொர்த்துக்குப் போகும் பெர்ரி, கடை மாடியில் அப்பா இருந்த அறை எல்லாம் பார்த்தோம். அந்த அறைச் சுவரில் சிவகாசியில் அச்சடித்த தினசரிக் காலண்டர் தொங்கியது. தாளைக் கிழிக்க அப்பா என்னை விட்டார். கிளம்பும் நாள் காலையில் மட்டும் அவரே கிழித்தார். கப்பல் நகரும்போது துறையில் நின்றுகொண்டு சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து எடுத்துச் செருகிக்கொண்டிருந்தார். கையாட்டவில்லை. பினாங்கு இத்தோடு போதும். அந்தப் பயணத்தில் எனக்கு ஒவ்வொரு வருஷமும் கூடுதல் துலக்கமாக வருவது கப்பலின் கடைசி ராத்திரிதான்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அண்டாது. ஆழம் போதாததால் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். படகுகள் வந்து சாமான்களையும் ஆட்களையும் வாங்கிக்கொண்டு போகும். அன்று மத்தியானம் பாதிக் கப்பல் அங்கே காலியானது. நாகூர், காரைக்கால், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் இறங்கினார்கள். கிழவிகளைக் கைத்தாங்கலாக ஏணியில் இறக்கினார்கள். கயிற்றில் கட்டிய பெட்டிகள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டு போயின. எங்களுக்கும் நாகையில் இறங்கினால்தான் ஊர் கிட்டம். ஆனால் முதலாளி கொடுத்தனுப்பிய ஒரு பார்சலைச் சென்னையில் பாரிமுனைக் கடையொன்றில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பார்சலால்தான் எனக்கு அந்த ராத்திரி கிடைத்தது.

கப்பல் மறுபடி கிளம்பியபோது எங்கள் கூடம் கல்யாணம் முடிந்த வீடாகக் கிடந்தது. பக்கத்துப் பங்கில் இருந்த கூத்தாநல்லூர்ப் பாட்டி மறந்துவிட்டுப் போன வெற்றிலைக் காம்புகள் தகரத் தரையில் காய்ந்துகொண்டிருந்தன. அவ்வளவு நாள் ஆயிரம் பேர் பேசிய இரைச்சலில் கேட்காத எஞ்சின் சத்தம் இப்போது காலடியில் கேட்டது. மிச்சமிருந்தவர்கள் சிதறிக் கிடந்த படுக்கைகளை விட்டு ஒரே மூலைக்குக் கூடி வந்தார்கள். மதுரை, அருப்புக்கோட்டை, சாத்தூர், கோவில்பட்டி, வேலூர், சென்னை என்று பல ஊர்ச்சனம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தானாக அப்படி நடந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் பெட்டியைத் திறந்தார்கள். கட்டிய பெட்டியை அவிழ்த்து மறுபடி கட்டுவதுதான் அந்த ராத்திரியின் வேலை. விடிந்தால் சென்னை, இறங்கினால் கஸ்டம்ஸ். எதற்குத் தீர்வை கேட்பார்கள், எதை விட்டுவிடுவார்கள் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். டேப் ரெக்கார்டரை மேலே வைத்தால் சந்தேகம் வராது என்றார் ஒருவர். அடியில் வைத்துப் பழைய வேட்டியால் மூடு என்றார் இன்னொருவர். நைலக்ஸ் சேலைகளை மடிப்புக் கலைத்து, கட்டிய சேலை மாதிரி கசக்கி வைத்தார்கள் பெண்கள். ஒரு அம்மா புதுச்சேலையை மூன்று தடவை தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கம்பியில் போட்டார். அதைப் பார்த்து என் அம்மா, "பாவம், அழகான கலரு" என்றாள். கோடாலித் தைலம், புலி மார்க் தைலம், மைலோ டின், பிஸ்கட் டப்பா, சீனத் துண்டு, பிளாஸ்டிக் பூ எல்லாம் படுக்கைகள் மேல் பரந்து கிடந்தன. கூடம் முழுக்கத் தைல வாசனை.

அம்மா ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெயர் சொல்லிக்கொண்டே அடுக்கினாள். இது அம்மாச்சிக்கு, இது பெரிய மதினிக்கு, இது எதிர்வீட்டு ஆச்சிக்கு. கொடுக்கப் போகும் ஆட்களின் பட்டியல் பெட்டியைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு தைலக் குப்பி யாருக்கு என்று முடிவாகாமல் நெடுநேரம் அவள் கையிலேயே இருந்தது. சிவப்பு மணி வைத்த தலை கிளிப் ஒன்றை என்னிடம் கொடுத்து, "இத நீயே அவ கையில குடு" என்றாள். திருத்தங்கலில் இருந்த என் சித்தி மகளுக்கு. அவளுக்கும் என் வயசு.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பினாங்கில் பெர்ரியில் போன அந்தக் கோடையில் அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு என்றால் பயர் ஆபீஸ்தான். விடியுமுன் ஆபீஸ் பஸ் வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். சட்டத்தில் குச்சி அடுக்குவதும் லேபிள் ஒட்டுவதும் சின்ன விரல்களின் வேலை. வீட்டிலிருந்தால் பெட்டி ஒட்ட வேண்டும். 1922-இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்க்கிற எங்கள் பூமியில் அவர்கள் கொண்டுவந்த தொழில்தான் பல்லாயிரம் அடுப்புகளை எரிய வைத்தது. அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தொழிலின் ஒரு பகுதியை நெடுங்காலம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுமந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். என் சித்தி மகள் கெட்டிக்காரி. வாய்ப்பாட்டில் என்னைத் தோற்கடிப்பாள்.

அந்த மூலையில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அப்போது பாதிதான் எனக்குப் புரிந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தவர். விரல் இடுக்கெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும். அம்மாவிடம் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, வீட்ல கேட்டா கடையப் பாத்துக்கிறேன்னு சொல்லட்டுமா? பொய் ஆகாதுல்ல?" என்று கேட்டார். அம்மா சேலையை மடிப்பதை நிறுத்திவிட்டு, "நீ கழுவாட்டி கடை ஓடுமா தம்பி? நீதான பாத்துக்கிட்ட. அப்படியே சொல்லு" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பக்கத்தில் இருந்தவர், ஊரில் ஒரு சாவுக்குப் போக முடியாமல் போனதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு வார்த்தை எடுத்துக் கொடுத்தார்கள். கடைசியில் எதுவும் சொல்ல வேண்டாம், நேரே போய் அம்மா மடியில் தலை வையுங்கள் என்றார் வேலூர்ப் பெரியவர்.

விமானத்தில் இதற்கெல்லாம் நேரம் கிடையாது. நாலு மணி நேரத்தில் ஒரு நாட்டு ஆள் இன்னொரு நாட்டு வாசலில் நிற்கிறார். கப்பல், பிரிவையும் மெள்ளத் தந்தது, திரும்புதலையும் மெள்ளத் தந்தது. அங்கே வாழ்ந்த வாழ்க்கையை வீட்டாருக்குச் சொல்லத் தகுந்தபடி அடுக்கிக்கொள்ள ஒரு முழு ராத்திரி கிடைத்தது. பெட்டி கட்டியது அதில் பாதி வேலைதான். மறைக்க வேண்டிய கஷ்டத்தை, முன்பின் தெரியாத நாலு பேரிடம் ஒருதடவை திறந்து காட்டிவிட்டுத்தான் மூடினார்கள். அவ்வளவு உண்மையாகப் பெரியவர்கள் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

தூக்கம் வராமல் தம்பியோடு மேல் தளத்துக்கு ஏறினேன். அம்மா பின்னாலேயே வந்தாள். காற்று உப்பாக அடித்தது. இடதுகைப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத கரைமேல் விளக்குகள் புள்ளி புள்ளியாக வந்துபோயின. எந்த ஊர் என்று தெரியவில்லை. ஆனால் அத்தனையும் நம் ஊர் விளக்கு என்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

அங்கே கம்பியைப் பிடித்தபடி வெம்பக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் நின்றார். பயணம் முழுக்க எங்களுக்குச் சோறு வாங்கிவர வரிசையில் நின்றவர் அவர்தான். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி வெளிறியிருக்கும். நான் அதைப் பார்க்காத மாதிரி பார்ப்பதை அவர் முன்பே கவனித்திருக்க வேண்டும். அன்றைக்குத் தானாகவே பேச்சை எடுத்தார்.

"தாயி, இந்தக் கப்பல்லயும் நம்ம சரக்கு இருக்கு, தெரியுமா?"

தூத்துக்குடிக் கலாசி ஒருவரோடு அவருக்குப் பழக்கம். மேலே கப்பலை ஓட்டுகிற அறையில் ஒரு பெட்டி நிறைய ராக்கெட் வைத்திருக்கிறார்கள் என்று அந்தக் கலாசி சொல்லியிருக்கிறார். ஆபத்து வந்தால் விடுவதற்கு. மேலே போய் வெடிக்காது. சிவப்பாக ஒரு நட்சத்திரம் பற்றிக்கொண்டு, குட்டிக் குடை ஒன்றில் தொங்கியபடி மெதுவாக இறங்கும்.

"செவப்பு மணி மருந்து. ஸ்ட்ரான்சியம் போட்டிருப்பான்" என்றார் அவர். நேரே பார்த்தவர் மாதிரி சொன்னார்.

அவர் பயர் ஆபீசில் மணி மருந்து உருட்டியவர். மத்தாப்பு நட்சத்திரமாகச் சிதறுகிற அந்தச் சின்ன உருண்டைகளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியப் பொடி; சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு, பச்சைக்கு பேரியம் உப்பு. அளவு பார்த்துக் கலந்து, உருட்டி, வெயிலில் மேடைமேல் காய வைப்பார்கள். ராக்கெட்டுக்குக் காகிதக் குழாய் உருட்டுவது எப்படி என்று இருட்டில் இரண்டு கையாலும் செய்து காட்டினார். பசை தடவிய தாளை இரும்புக் கம்பிமேல் இறுகச் சுற்ற வேண்டும். நெகிழ்ந்தால் பறக்காது, பக்கவாட்டில் ஓடும். அடியில் களிமண் அடைப்பு, அதில் நடுத்துளை, துளை வழியாகத் திரி. மருந்தை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்திக் கெட்டிக்க வேண்டும். "கெட்டிக்கிறப்ப கை தாளம் மாறக் கூடாது தாயி. மாறுனா அந்த எடத்துல காத்து நிக்கும்." சுருங்கிய தோலுள்ள அந்தக் கையில் தாளம் மாறவே இல்லை. காற்றில் இல்லாத குழாயில் இல்லாத மருந்தை அவர் அடைத்ததை இன்றைக்கும் என்னால் அப்படியே பார்க்க முடிகிறது.

கை எப்படி ஆனது என்று தம்பிதான் கேட்டான். அம்மா அவன் தோளைத் தட்டினாள். அவர் பரவாயில்லை என்றார். ஒரு சித்திரையில், காலை வேளையில் கலவை அறை போனது. அவருடைய அக்கா அதில் இருந்தார். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னது வேறு.

"சத்தம் கேட்டதும் பக்கத்து ஊருல இருந்து கட்டிலத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்கக்கா. எங்க சாதி, எங்க சனம்னு யாரும் இல்ல. ஆடு மேச்சுக்கிட்டிருந்தவரு தன் வேட்டிய அவுத்து என் கையில சுத்துனாரு. அவரு யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் கேட்டேன், "கடல்ல ராக்கெட் விட்டா யாரு வருவாங்க?"

"அதத்தான் நானும் அந்தக் கலாசிகிட்டக் கேட்டேன். பாக்குற கப்பல் எதுவா இருந்தாலும் திரும்பி வரணுமாம். எந்த நாட்டுக் கப்பலா இருந்தாலும் சரி. வராமப் போனா குத்தமாம்."

"நெசமாவா?" என்றாள் அம்மா.

"நெசந்தாங்க்கா. சட்டமே இருக்காம்."

அந்தக் கலாசி சொன்னது சரி என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய ராத்திரி, அதிலிருந்து வெள்ளை ராக்கெட்டுகள் விட்டார்கள். கலிஃபோர்னியன் என்ற கப்பலில் இருந்தவர்கள் வானத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள், போகவில்லை. அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான் கடலில் உயிர்காப்புக்கான உலக ஒப்பந்தம். முதல் வடிவம் 1914-இல் வந்தது. இன்றைய விதிப்படி, ஆபத்துக் கால ராக்கெட் முந்நூறு மீட்டருக்குக் குறையாமல் உயர வேண்டும், சிவப்பாகவே எரிய வேண்டும், நாற்பது விநாடியாவது அணையாமல் இருக்க வேண்டும். நாம் ஐப்பசியில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் அதே வித்தையைக் கடல்காரர்கள் உயிர்ப்பிச்சை கேட்பதற்கு வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது டைட்டானிக் அல்ல, வேட்டியை அவிழ்த்துச் சுற்றிய அந்த ஆடு மேய்ப்பவர்.

அதன்பிறகு அவர் சிங்கப்பூர்க் கதை சொன்னார். அங்கே 1972-இலிருந்து பட்டாசு வெடிக்கவே தடை என்றும், தீபாவளிக்குக்கூட ஒரு சரம் வெடிக்க முடியாது என்றும் சொன்னபோது தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்ப தீபாவளின்னு எப்படித் தெரியும்?" என்றான். "நானும் அங்க மொத தீபாவளிக்கு அப்படித்தாண்டா நெனச்சேன்" என்றார் அவர். "விடியக் காத்தால முழிச்சுக்கிட்டேன். ஒரே அமைதி. எனக்கு அது புடிச்சிருந்துச்சு." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார், சொல்லியிருக்கக் கூடாதோ என்பது மாதிரி. அம்மா தலையாட்டினாள்.

ஊருக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, அச்சாபீசில் சேரப் போகிறேன் என்றார். சிவகாசியில் அப்போதே காலண்டருக்கும் லேபிளுக்கும் மெஷின்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. சேர்ந்தாரா என்று தெரியாது.

நடுச்சாமம் தாண்டி தம்பி அம்மா மடியில் தூங்கிவிட்டான். அம்மா அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அறையில் அவர் எந்த மூலையில் பாய் போட்டிருந்தார், சட்டைக்குப் பித்தான் வைக்க ஆள் இல்லாமல் பின் குத்தியிருந்தார், ஊறுகாய்ப் பாட்டிலைத் தீர்ந்துவிடுமோ என்று எண்ணி எண்ணித் தின்றார் என்பதையெல்லாம் சொன்னாள். இத்தனை நாளும் நான் பினாங்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அவரை மட்டும் பார்த்திருக்கிறாள். "லெட்டர்ல நல்லா இருக்கேன்னு எழுதுவாரு. இனிமே அதப் படிக்கிறப்ப எனக்கு அந்த ரூமு தெரியும்" என்றாள். அழவில்லை. ஊறுகாயை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

விடியக் கருக்கலில் சென்னை வெளிச்சம் தெரிந்தது. மெரினாவில் புதிதாகக் கட்டிய கலங்கரை விளக்கம் 1977-இலிருந்துதான் எரிகிறது என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் முகம் கழுவி, நல்ல துணி உடுத்தி, பவுடர் பூசித் தயாரானார்கள். அருப்புக்கோட்டை அண்ணன் புதுக் கடிகாரம் கட்டியிருந்தார். கையை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டார். கஸ்டம்ஸில் எங்கள் பெட்டியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். புதுச்சேலையை நனைத்த அந்த அம்மாவின் பெட்டியைத் திறக்கவே இல்லை. வெளியே வந்ததும் ஆளுக்கொரு ரிக்‌ஷா, ஆளுக்கொரு திசை. ராத்திரி முழுக்க ஒரே குடும்பமாக இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். பார்க்க முடியாது, அவரவர் ஆட்கள் கூட்டத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் எழும்பூரில் கொல்லம் மெயில் ஏறி மறுநாள் ஊர் வந்து சேர்ந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருத்தங்கலுக்குப் போய் கிளிப்பைக் கொடுத்தேன். வாங்கி உடனே தலையில் குத்திக்கொண்டாள். அவள் விரல் நுனிகள் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தன. கப்பலைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டாள். அடுப்பு எப்படி, கக்கூஸ் எப்படி, மழை வந்தால் எப்படி என்று கேட்டுவிட்டுக் கடைசியாக, "கப்பல்ல தீப்பெட்டி எந்த ஊரு?" என்றாள். சமையல்கட்டில் ஒரு தடவை எட்டிப் பார்த்தபோது கண்ட பெட்டி எனக்கு ஞாபகம் இருந்தது. "சிவகாசிதான்" என்றேன். அவள் முகத்தில் வந்த பெருமையை என்னால் மறக்க முடியாது. அவளுக்கு அந்த ஊர்களுக்கெல்லாம் போகும் வழி அது ஒன்றாகத்தான் இருந்தது.

1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் நடுக்கடலில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் இறந்தார்கள். நான் அப்போது பத்தாம் வகுப்பைத் தாண்டியிருந்தேன். கடையில் பேப்பரைப் பார்த்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் சாமி விளக்கை ஏற்றினாள். எங்கள் ஊர் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது அதற்கு அடுத்த மாதம். தெருவெல்லாம் கொண்டாட்டம். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கப்பலைப் பற்றியே பேச்சாக இருந்தது. பங்குக் கூடத்தில் அந்த ராத்திரி எந்தச் சனம் படுத்திருந்தது, சிவப்பு ராக்கெட்டை விட்டார்களா, யார் திரும்பி வந்தார்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அதோடு அந்தக் கப்பல் சேவை நின்றது. பிறகு அதை உடைக்க விற்றுவிட்டார்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு பயர் ஆபீஸ் வெடித்தது. நாற்பது பேரளவில் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்தடுத்த அறைகள் வெடித்தபோது சிக்கிக்கொண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளம். நடுவிலும் பின்னும் எத்தனையோ. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது, உரிமத்துக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விபத்து நடந்த பல இடங்களில் அந்த விதி மீறப்பட்டிருந்ததாகத்தான் பிறகு செய்தி வந்தது. கடலில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தால் திரும்பி வர வேண்டும் என்று உலகம் கூடிச் சட்டம் எழுதியது. எங்கள் கந்தக பூமியில் அப்படி யாரும் எழுதவில்லை. எழுதாமலே ஓடுகிறார்கள். ஓடி வருகிறவர்களைச் சாகவிடாத அளவுக்காவது அந்த ஆபீஸ்கள் விதிப்படி நடக்க வேண்டும். அதை நடத்திக் காட்ட வேண்டியது உரிமம் கொடுப்பவர்களின் கடமை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பியது. என் சித்தி மகளின் பேத்தி அதில் போய் வந்தாள். கடைசி ராத்திரி ஆட்டம் பாட்டு என்று கைபேசியில் படம் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. கிழவி படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னிடம், பேத்திக்கு என் கப்பலின் கதையைச் சொல்லச் சொன்னாள். இதில் பாதி, அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குச் சொன்னதுதான்.

தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையே அந்த மாதிரி ஏழைச்சனம் போய்வருகிற கப்பல் இன்று இல்லை. ரஜூலாவிலும் சிதம்பரத்திலும் வந்தவர்களில் இருப்பவர்கள் பலர் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் ஒரு விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருஷம், எந்தத் துறையில் ஏறினார், பெட்டியில் என்ன இருந்தது, கடைசி ராத்திரி யாரோடு பேசினார் என்று கேளுங்கள். சொல்வதை அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.